காக்காக்கடி

தம்பியைக் கிண்டர்கார்ட்டனிலிருந்து நிறுத்திய நாட்களில் எனக்கு வந்த பொறாமை போல் ஒன்று அதன்பிறகு வந்ததில்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரின் வீடுகளைத் துடைத்திருக்கிறேன். அவர்களுடைய தளபாடம், கார், நாய் எதுவும் என்னை அந்த அளவுக்கு எரிக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதிகளாக வந்த நாங்கள் சுவிஸின் லாங்கன்தாலில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி அறையில் இருந்தோம். அப்பா ஒரு உணவகத்தில் சட்டிபானை கழுவினார். அம்மா காலையில் முதியோர் இல்லத்துச் சலவைக்குப் போவார். எனக்கு ஆறு வயது, தம்பிக்கு ஐந்து. இருவருக்கும் ஒரே வகுப்பு. பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், கோட்டு மாட்டும் கொளுக்கிக்கு மேலே பெயருக்குப் பதிலாகப் படம் ஒட்டியிருந்தார்கள். எனக்குக் குடை. தம்பிக்கு முள்ளெலி. நல்ல படம் அவனுக்குப் போய்விட்டது என்ற குறை எனக்கு முதல் நாளே இருந்தது.

காலையில் எல்லோரும் வட்டமாக இருந்து, கொண்டுவந்ததைச் சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் ஓர் அப்பிள் என்றால் அது இரண்டு பேருக்கு. கத்தி தேடுவதில்லை. சட்டை நுனியை அப்பிளின் மேல் போட்டு, எச்சில் படாமல் துணியோடு சேர்த்துக் கடித்து உடைப்போம். அதற்குக் காக்காக்கடி என்று பெயர். ஒருநாள் வகுப்பில் பக்கத்திலிருந்த சிறுமி தன் அப்பிளைத் தம்பியிடம் நீட்டினாள். தரத்தான் நீட்டினாளோ, காட்டத்தான் நீட்டினாளோ, தெரியாது. தம்பி மரியாதையாகச் சட்டையைத் தூக்கி அதன்மேல் போட்டுக் கடித்தான். அவள் பயந்து இழுத்தாள். பல் அவள் விரலில் பட்டு இரத்தம் வந்தது.

அப்பிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடிக்கிற பிள்ளை என்றார்கள். இலையுதிர்கால விடுமுறை முடியும்வரை அவன் வரத் தேவையில்லை என்று கீழ்மாடி இத்தாலிக்காரப் பெண் அம்மாவுக்குக் கையாலும் வாயாலும் விளக்கினார். அவருக்கு எங்கள் தமிழில் ஏழெட்டுச் சொல் தெரியும்.

அம்மாவால் வேலையை விட முடியாது. அதனால் அப்பா தம்பியை உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அது பொறுக்கவில்லை. பின்னேரம் அவன் சட்டைப்பை நிறையச் சீனிப் பைக்கற்றோடு வருவான். ஒவ்வொன்றிலும் ஒரு மலைப் படம்.

"குசினியில பொரிச்ச கிழங்கு தந்தவை."

"எவ்வளவு?"

"கைநிறைய."

நான் அம்மாவிடம் போனேன். "எனக்கேன் லீவு இல்லை?"

"அது லீவு இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் அவன் மட்டும் அப்பாவோட போறான்?"

"சத்தம் போடாத. அவன் எங்க போறான் எண்டு வெளியில மூச்சு விடக்கூடாது. முதலாளிக்குத் தெரிஞ்சால் அப்பாவுக்கு வேலை இல்லை."

இரகசியமும் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. படுத்த பிறகும் விடமாட்டான்.

"அக்கா, இண்டைக்கு என்ன பாட்டு? என்ர முள்ளெலி இருக்கோ?"

"இருக்கு. படு."

அங்கே கிழங்கும் சீனியும், இங்கே முள்ளெலியும் வேண்டுமாம். ஒரு மனிதனுக்கு எவ்வளவுதான் வேண்டும் என்று நினைத்தேன்.

கடித்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது தெரிந்த விஷயம். அடுத்த நாள் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவனின் கையைக் கடித்தேன். துணி ஒன்றும் போடவில்லை. பிறகு நானே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றேன்.

ஆசிரியை என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் குடைக்குக் கீழே மாட்டினார். வகுப்பு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இத்தாலிக்காரப் பெண்ணையும் மேலே கூப்பிட்டார்.

சின்னவன் எங்கே என்று கேட்டார்.

"நித்திரை," என்றார் அம்மா.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. கட்டில் வெறுமையாகக் கிடந்தது. இத்தாலிக்காரப் பெண் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் நிலத்தைப் பார்த்தார். அம்மா ஒரு துவாயை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தேத்தண்ணீர் வைத்தார். அது ஆறியது. ஆசிரியை எழும்பவில்லை. கடைசியில் படியில் கால் சத்தம் கேட்டது. அப்பாவும் தம்பியும் வந்தார்கள். தம்பியின் முழங்காலில் உருளைக்கிழங்கு மண். ஆசிரியையைக் கண்டதும் அப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

ஆசிரியை மண்ணைப் பார்த்தார். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. அன்று அப்பிளை என்ன செய்தாய் என்று தம்பியிடம் கேட்டார். இத்தாலிக்காரப் பெண் தன் ஏழெட்டுச் சொற்களில் கேட்டார்.

தம்பி மேசையிலிருந்த அப்பிளை எடுத்தான், சட்டை நுனியைப் போட்டான், கடித்து உடைத்தான். துணிக்குள் இருந்த துண்டை ஆசிரியையிடம் நீட்டினான்.

"எச்சில் இல்லை," என்றான் தமிழில்.

அவர் அதை வாங்கி, முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

நாளைக்கே தம்பியைக் கூட்டி வரச் சொன்னார். பிறகு மேலிடத்தில் போய்ச் சண்டை பிடித்தாராம். யார் யாரைக் கடித்தாலும் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று அந்தக் கிண்டர்கார்ட்டனில் முடிவானது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. கடித்தது நான், பலன் அவனுக்கு. என் முறை வந்தபோது லீவையே ஒழித்துவிட்டார்கள். பெரிய பள்ளிகளில் அப்படி ஒரு முடிவு இருக்கவில்லை. பிறகு அங்கிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருமுறை அனுப்பியபின் நான் திரும்பிப் போகவில்லை.

அந்த உணவகத்தில் தம்பி இருந்த இடத்தை, நாங்கள் இருவரும் நரைத்த பிறகுதான் அவன் சொன்னான். யன்னல் இல்லாத கிழங்கு அறை. முதலாளி இறங்கி வரும் நேரம் அப்பா விளக்கை அணைத்துவிடுவார். இருமல் வந்தால் சட்டை நுனியை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியை வந்துபோன மறுநாள் காலை, கிண்டர்கார்ட்டனுக்குப் போகும் வழியில் அவன் சீனிப் பைக்கற்றுகள் எல்லாவற்றையும் என் கோட்டுப்பைக்குள் திணித்தான். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே போனதும் அவன் முள்ளெலிக்குக் கீழே நிலத்தில் குந்தி, வகுப்புக்குள் போடும் வீட்டுச் செருப்பைப் போட்டான், கழற்றினான், திரும்பவும் போட்டான். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு சோடிச் செருப்புக்கு இவனுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று, பை நிறைய மலைகளோடு குடைக்குக் கீழே நான் எரிச்சலாக நின்றுகொண்டிருந்தேன்.