தங்கைக்காகத் தள்ளி வரைந்த கோடு

எங்கள் ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கேன் எடுக்கும் எக்கோ அறையில், என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு 'மூணு துடிப்பு' என்று பெயர். வைத்தது நான்தான். நோயாளியின் நெஞ்சில் கருவியை வைத்து, திரையில் இதயத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளப்பாள். மூன்று துடிப்பு அளந்து சராசரி சொல்வாள். பக்கத்து மேசையில் நான் ரிப்போர்ட் அடிப்பேன். நாலாவது அளக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

அன்று வந்தது அவள் தங்கை. எட்டு மாசக் கர்ப்பிணி. நாலு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறதாம்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. பயப்படாத, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் எங்க பயப்படுறேன்? நீதான் பயப்படுற," என்றாள் தங்கை.

அக்கா அளந்தாள், எண்ணைச் சொல்லவில்லை. ஜெல்லைப் பிழிந்தாள், மறுபடி அளந்தாள். ஆறு தடவை, ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் சுருங்கிய இதயத்தின் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வரைந்தாள். அப்படி வரைந்தால் எண் ஏறும்.

"ஐம்பத்தஞ்சு," என்றாள் கடைசியில். "ரிப்போர்ட்ல அடி."

ஐம்பதைத் தாண்டினால் நல்ல எண். டாக்டர் பார்த்துத் தலையாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கோடு எங்கே போக வேண்டும் என்று தெரியாதா?

"முதல்ல என்னக்கா வந்துச்சு?" என்று கேட்டேன் நான்.

"சொன்னதை அடிடி."

"மாட்டேன். முதல்ல என்ன வந்துச்சு?"

என்னை எரித்துவிடுவது போல் பார்த்தாள். பிறகு தங்கையின் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு."

எழுந்து நேரே டாக்டர் அறைக்குப் போனாள். "உள்ள படுத்திருக்கிறது என் தங்கச்சி, டாக்டர். நான் அளந்தா சரியா வராது. நீங்களே வந்து அளங்க."

டாக்டர் வந்தார், அளந்தார். முப்பத்தேழு. உடனே வார்டுக்குப் போன் செய்து, இன்றைக்கே சேர்க்க வேண்டும் என்றார்.

அவர் போனதும் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "என்னக்கா ஆச்சு?"

"உன் இதயம் சரியா சுருங்கலடி. எனக்கு முதல்லயே தெரிஞ்சிடுச்சு. பொய்யா ஒரு நம்பர் போட்டு மறைக்கப் பார்த்தேன்."

தங்கை அவளையே பார்த்தாள். "நான் வீட்டுக்குப் போயிருந்தா?"

அக்கா அவள் நெஞ்சிலிருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டு, வார்டுக்குக் கூட்டிப் போகச் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தாள்.