நாலு பேர் போதும் என்றவள்

போன செவ்வாய்க்கிழமை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் செல்வராணியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். உடனே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். எதிர்முனையில் யாருமில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கோபப்பட முடியுமா? அந்த உரிமை எனக்குப் போய் ஒரு வருடமாகிறது.

நான் அஃபிலியேட் மார்க்கெட்டிங் செய்பவள் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். ஆன்லைனில் விற்கும் பொருளின் லிங்க்கை அனுப்புவோம். அதன் வழியாக யாராவது வாங்கினால் சின்னதாகக் கமிஷன் வரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பும் எடுக்கிறேன். அதற்காகத் திருவேங்கடத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள்தான் செல்வராணி. அப்போது இங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனிஸ்ட்.

முதல் வகுப்பில் எல்லோரையும் ஓர் இலக்கு எழுதச் சொன்னேன். மற்றவர்கள் கார், சொந்த வீடு என்று எழுதினார்கள். இவள் எழுதியது ஒரே வரி — 'முதல் மாசம் நாலு பேர் வாங்கினால் போதும்.'

சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனாவை வாங்கி, நாலை அடித்துவிட்டு நூறு என்று எழுதினேன். ஆசையிலுமா கஞ்சத்தனம் என்று ஒரு வசனம் வேறு. வகுப்பே கைதட்டியது.

எனக்கு முதல் ஐந்து மாதம் ஒருவர்கூட வாங்கவில்லை. அதைச் சொன்னேனா? இல்லை... கைதட்டல் நின்றுவிடுமே.

அவள் நம்பினாள். வேலையை விட்டாள். நூறு பேருக்கு எங்கே போவாள்? சொந்தக்காரர்கள், பள்ளித் தோழிகள் — காலையும் மாலையும் லிங்க். தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு மிக்சியின் லிங்க்கை, 'எங்க வீட்ல இதுதான்' என்று நாத்தனாருக்கு அனுப்பினாள். அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். நாத்தனார் வாங்கிய பத்தே நாளில் மிக்சி புகைந்தது. கொஞ்ச நாளில் அவள் வகுப்புக்கு வருவது நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் போய் நின்றேன். போனை இறக்கினாள். ஸ்கேன் சென்டரில் மறுபடி கேட்டுப் பார்த்தாளாம். வேறு பெண் வந்துவிட்டாளாம். இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நாத்தனார் மகளின் சடங்குக்கு அவள் கணவரை மட்டும் அழைத்தார்களாம். இவளை யாரும் அழைக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு என்றேன்.

"ஒங்க மேல கோவமெல்லாம் இல்லக்கா," என்றாள். "ஆனா நான் நாலுன்னு சரியாத்தான எழுதியிருந்தேன்? நீங்கதான அடிச்சீய?"

அதற்குள் திருவேங்கடம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இந்த ஞாயிறு புதிதாகப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். என் முதல் ஐந்து மாதக் கதையிலிருந்து ஆரம்பித்தேன். இருக்கிற வேலையை விடாதீர்கள் என்றேன். தெரியாத பொருளைத் தெரிந்த மாதிரி எழுதாதீர்கள் என்றேன். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது நம் கையில் இல்லை. வாரத்துக்கு ஒரு பொருளைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதுவது நம் கையில் இருக்கிறது, அதை இலக்காக வையுங்கள் என்றேன்.

டீ குடிக்கப் போனவர்களில் ஆறு பேர் திரும்பி வரவில்லை.

இன்னும் பெரிதாகச் சொல்லும் ஆளைத் தேடிப் போயிருப்பார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை... போன வாரம் வரை அது நான்தான்.