தரைக்கு அடியில் அலை

எண்ணூர் கடற்கரையில் ஞாயிறு காலைகளில் நானும் கணவரும் நடப்போம். கடலரிப்பால் ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளுக்குள் நுழைந்து பார்ப்பது என் வழக்கம்.

போன மாதம் ஒரு வீட்டின் கூடத்தில் சிவப்புத் தரை விரிசலே இல்லாமல் இருந்தது. அதை நம்பி நடுவில் போய் நின்றேன். அலைச் சத்தம் என் காலுக்கு அடியிலிருந்து கேட்டது.

வெளியே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண் கத்தினார். “இன்னாம்மா, வாடகைக்கு வூடு பாக்குறியா? கீய மண்ணே இல்ல, கடலு பூந்துகினு கீது. செவுத்தோரமா வா!”

என்னைப் பிடிக்க வாசலில் இருந்து கணவர் காலெடுத்து வைத்தார்.

“நீ நில்லு நைனா! ரெண்டு பேர தாங்காது.”

அவர் நின்றார். நான் சுவரோரமாக நகர்ந்து வெளியே வந்த சற்று நேரத்தில் கூடத்தின் நடுப்பகுதி கடலில் இறங்கியது.

இப்போது வீடுகளை வெளியிலிருந்துதான் பார்க்கிறேன். உள்ளே யாராவது நின்றால், பிடிக்க உள்ளே ஓடாமல் வாசலிலிருந்தே கூப்பிடுகிறோம்.