லோகுவின் மூக்கு

உடைந்த வாளியோ பைப்போ, கைக்கு வந்ததிலிருந்து நகக்கண் அளவு துண்டை லோகநாதன் வாங்கிக்கொள்வான். அதன் ஓரத்தில் லைட்டரைக் காட்டுவான். பற்றியதும் கையை உதறி நெருப்பை அணைப்பான். புகை கலைவதற்குள் கண்ணை மூடி, மூக்குக்குக் கீழே கொண்டுபோய் ஒரே ஒரு இழுப்பு. மெழுகுவத்தி வாசம் வந்தால் இடது பக்கக் கோணி. சுரீரென்று மூக்கில் ஏறினால் அது பிவிசி. வலது பக்கம் வீசுவான். வியாசர்பாடி பிளாஸ்டிக் குடோனில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவனுக்கு இதுதான் வேலை. உருக்கும் மிஷினில் கொஞ்சம் பிவிசி கலந்தாலும் மொத்தச் சரக்கும் கருகிக் கெட்டுவிடும். அதனால் அவன் மூக்குக்குத் தனி மரியாதை.

"லோகு, உனுக்கு சளி புட்ச்சா சொல்லிடு நைனா. உன் மூக்கு அடைச்சா என் யாவாரமே அடைச்சிக்கும்" என்பார் குடோன்காரர் மொஹ்சின் பாய்.

எதிரே உட்கார்ந்து துண்டு ஒடித்துக் கொடுப்பவள் அவன் மனைவி அம்மு. பாய் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குத்தான் முகம் பூரிக்கும். ஊரே மாஸ்க் போட்டுத் திரிந்த காலத்திலும் அவனுடைய மாஸ்க் தாடைக்குக் கீழேதான் கிடந்தது. மூக்கை மூடினால் வேலை ஏது?

ஒருநாள் காலையில் முகத்தைத் தடவிக்கொண்டே அவன் கேட்டான்.

"அம்மு, மூஞ்சி இட்லி கணக்கா உப்பிக்கினு கீதுமே. இந்தப் புகை ஒத்துக்கல. ஹார்பர்ல மூட்ட தூக்கக் கூப்ட்றாங்க, போட்டுமா?"

"தோ பார்றா! மூக்குக்குக் கூலி குடுக்கறாங்க, இவரு முதுக ஒட்ச்சிக்கப் போறாராம். நேத்து கருவாட்டுக் கொழம்ப ஒரு புடி புட்ச்சியே, அந்த உப்புதான். சும்மா பேஜாரு பண்ணாதயா."

அவன் சிரித்துவிட்டு லைட்டரை எடுத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பை அம்மு பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

அடுத்து கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு கிட்னியும் போய்விட்டதாகச் சொன்னார்கள். என்ன வேலை என்று விசாரித்த டாக்டரம்மா, பதிலைக் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. பிரஷரும் இருக்கு. ஆனா பழைய பிளாஸ்டிக்ல ஈயம், காட்மியம், மிருதுவாக்கறதுக்குப் போடற கெமிக்கல்னு என்னென்னமோ இருக்கு. புகையா உள்ள போனா ரத்தத்துல கலந்து கிட்னிக்குத்தான் வரும். வடிகட்டி வடிகட்டி அதுவே கெட்டுப்போகும்."

"என்னுது ஒண்ண எட்த்து அவருக்கு வெய்ங்க டாக்டரு" என்றாள் அம்மு.

அதற்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவளுடைய சிறுநீரிலும் புரதம் இறங்கிக்கொண்டிருந்தது; அவள் கிட்னியும் கெட ஆரம்பித்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவள்தானே. எடுக்க முடியாது என்றுவிட்டார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் அவனே பேச்சைத் தொடங்கினான். "புருசன் பொண்டாட்டி பொருத்தம்னா இதாமே."

"நீ வேற ஏன்யா... அன்னிக்கே உன்ன போவ வுட்டுருக்கணும்."

"வுடு. மூட்ட தூக்கி முதுகு போயிருந்தா, அதுக்கும் அழுதுகினுதான் இருந்திருப்ப."

மழைக்காலம் முடிவதற்குள் அவனை மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதன்பின் அம்மு பாய் குடோன் பக்கம் போகவில்லை. ஆனால் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். காலடிப்பேட்டையில் ஒரு குடோனில் புகையே கிடையாது என்று யாரோ சொல்ல, அங்கே போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாள், யார் லைட்டரை எடுக்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த சங்கமித்ரா என்ற பெண், கலந்து கிடந்த துண்டுகளை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டித் தண்ணீரில் போட்டாள். வாளித் துண்டுகள் மேலே நின்றன. பைப் துண்டுகள் நேரே அடிக்குப் போயின.

"இதுல இன்னா மருந்து கலந்துகீது?" என்று கேட்டாள் அம்மு.

"மருந்தா? வெறும் கொழாத் தண்ணிதான்க்கா. பிவிசி தானா முழுகிடும்."