மலர்விழியை அழைக்க வந்த கார்

மலர்விழியின் தெருவுக்குள் கார் வந்தால் ஒன்று கல்யாணமாக இருக்கும், இல்லையென்றால் ஓட்டுக் கேட்க வந்ததாக இருக்கும். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் மாட்டி அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் போன பிறகு, தினமும் காலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

"பிரான்சிஸ் அண்ணே, பள்ளத்துல பாத்து எறக்குங்க. கை அதிரும்" என்று டிரைவரிடம் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள் அக்கா அன்புச்செல்வி. எட்டாவதோடு நின்று, தையல் மிஷின் மிதித்துத் தங்கையை டிப்ளமா படிக்க வைத்தவள். கட்டுப் பிரிக்காத கையோடு இருக்கிற பெண்ணைக் கம்பெனியே காரில் வந்து கூப்பிடுகிறதென்றால், அது படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

டோல்கேட்டைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் போகும் அந்தக் கார். கம்பெனியில் மலர்விழி இடது கட்டைவிரலை வைத்து வருகையைப் பதிவு செய்வாள். பிறகு வாசலில் உள்ள செக்யூரிட்டி அறையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பாள். வேலை ஒன்றும் கிடையாது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதிய பலகை எதிரே இருந்தது. அதில் எண் மட்டும் தினமும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலேயே மேனேஜர் சொல்லிவிட்டார்.

"சென்சார்ல டேப் ஒட்டுனது யாரும்மா? நீதான? ரிப்போர்ட் போட்டா உன் மேலதான் விழும். பேசாம வந்து உக்காரு. சம்பளம் வந்துகினு இருக்கும்."

ஒட்டியது அவள்தான். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் அது. அடிக்கடி நின்றால் உற்பத்தி குறையும் என்று சூப்பர்வைசரே டேப் சுருளைக் கொண்டுவந்து கொடுப்பார். எல்லா ஷிப்டிலும் ஒட்டினார்கள். மலர்விழி ஒட்டினால் சுருக்கமே விழாது என்று பாராட்டுகூட வாங்கியிருந்தாள். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? தினமும் காரில் ஏறிப் போய் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அருணா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவள்.

"ஏண்டி, மகாராணியாட்டம் கார்ல வந்து கார்ல போற!" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன் மிஷின்ல என்னைத்தான் போட்டுக்கிறாங்க. ஒரே பேஜாரு. நான் ஒட்டுனா டேப்பு உரிஞ்சிக்கினே வருது. நீ எப்டி ஒட்டுவ? சொல்லிக் குடேன்."

மலர்விழி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"ஒட்டாதடி."

"ஒட்டலன்னா வீட்டுக்குப் போன்னு சூப்பர்வைசர் சொல்றாரு."

மறுநாள் காலையில் கார் ஹாரன் அடித்தது. மலர்விழி வெளியே வந்து, "நான் வரலண்ணே" என்றாள்.

பிரான்சிஸ் கார் கண்ணாடியை இறக்கினார். "கேட்டா என்னம்மா சொல்லட்டும்?"

"கையில அடிபட்டுக்கிதுன்னு சொல்லுங்க."

"வந்த சீதேவிய ஏண்டி தொரத்துற?" என்று அக்கா கத்தினாள். மலர்விழி அவளைப் பஸ் ஏற்றி, வேலையில் அடிபட்டவர்களுக்கு உதவித்தொகை தரும் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கிருந்த அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "விபத்துன்னு கம்பெனிலேர்ந்து எதுவும் வரலையேம்மா. தெனமும் வேலைக்கு வந்ததாதான இருக்கு?"

"காரு அனுப்பிக் கூட்டினு போனாங்க சார்" என்றாள் அன்புச்செல்வி. தெருவில் அத்தனை பெருமையாகச் சொன்ன அதே வார்த்தை. விபத்தை மறைக்கத்தான் அந்தக் கார் வந்தது என்று, சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. முகம் கறுத்துப் போனது.

"நீங்களே புகார் எழுதிக் குடுக்கலாம். ஆனா இழுக்கும். வேலை நிலைக்குமான்னும் சொல்ல முடியாது" என்றார் அதிகாரி. "எப்படி நடந்துது?"

"சென்சார்ல டேப் ஒட்டியிருந்துது சார். நான்தான் ஒட்டுனேன்."

"டேப்பா? இன்னாடி சொல்ற?" அக்கா தங்கையின் தோளைப் பிடித்தாள்.

"இருக்கா, எல்லாம் சொல்றேன்." கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தாள் மலர்விழி. "அந்த மிஷின்ல இப்ப அருணான்னு ஒரு பொண்ணு நிக்குது சார். மொதல்ல அத எழுதிக்கங்க."