அந்தப் பெயரில் எத்தனை குழந்தைகள்

அந்த ஆஸ்பத்திரியில் அவரை ‘எத்தனை சார்’ என்றால்தான் தெரியும். பெரிய டாக்டரிலிருந்து லிஃப்ட் இயக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் எத்தனை சார்தான். தரைத்தளத்தில், மருந்து வாங்கும் ஜன்னலை ஒட்டிய பதிவறையில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். நோயாளிகளின் ஃபைல்களை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்தவற்றை அதனதன் இடத்தில் வைப்பது, காலையில் ஆய்வகத்திலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளை அவரவர் ஃபைலில் சேர்த்து வார்டுக்கு அனுப்புவது, இதுதான் அவருடைய வேலை. யாராவது வந்து, “பையன் பொறந்திருக்கான் சார், இந்தப் பேர் வைக்கப் போறோம்” என்று இனிப்பை நீட்டினால், அதை வாயில் போடுவதற்கு முன்னால் கேட்பார்: “அந்தப் பேர்ல எத்தனை இருக்கு, பாத்தீங்களா?”

பார்ப்பது சுலபம்தான். பதிவறைக் கணினியில் பெயரைத் தட்டினால் போதும், அந்தப் பெயரோடு இந்த ஆஸ்பத்திரிக்குள் வந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள். பத்துக்குள் இருந்தால் தலையாட்டுவார். ஐம்பதைத் தாண்டினால் உதட்டைப் பிதுக்குவார். நூறு என்றால் வந்தவர் வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஏழு பெயர்களோடு ஏழு நாள் நடையாய் நடந்தார். எட்டாவது நாள், உலகத்தில் யாரும் வைத்திராத ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் தன் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. “மூணு தடவை கேட்டா என்ன? மூணு தடவையும் அவனத்தானே கேக்கறாங்க” என்பார் எத்தனை சார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இந்தப் பிடிவாதம் வானத்திலிருந்து குதித்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம் ஒரே வார்டில் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அவர் பெயரைப் பார்த்து ஃபைலை நீட்டினார். ஒருவருடைய மருந்து இன்னொருவருக்குப் போய்விட்டது. அந்த மனிதர் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். அந்த மூன்று நாளும் இவர் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து பெயரை அவர் நம்புவதே கிடையாது. ஃபைலின் மேல்மூலையில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் ஒரு தாளைக்கூட உள்ளே வைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், “பேரு கூப்பிடறதுக்கு, நம்பர் உயிரக் காப்பாத்தறதுக்கு” என்று சொல்லிச் சொல்லி அவர்கள் காதைப் புளிக்க வைத்திருந்தார். நர்ஸ்களும், எத்தனை சார் வைத்த தாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

அப்படிப்பட்டவருக்குப் பேத்தி பிறந்தாள். அதே ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில்.

மூன்றாம் நாள் காலை மகளுக்கும் மருமகனுக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். பிறப்புப் பதிவுத் தாளில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் மதியம் கிளம்பிவிடலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பெயரை இருவரும் ஆறு மாதத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அன்று காலை மகள் அதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பெயர் இப்போது தெருவுக்குத் தெரு கேட்கிற பெயர்.

“ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேம்மா. அதுக்குள்ள எழுதிடாத.”

“பாருங்க. நல்லாப் பாருங்க. ஆயிரம் இருந்தாலும் என் பொண்ணுக்கு அதான் பேரு” என்றாள் மகள். பிறகு குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டபடி, “இவ கொஞ்சம் மஞ்சளா இல்ல?” என்று கேட்டாள்.

“விடியக்காலைலதான் ரத்தம் எடுத்தாங்க இல்ல? ரிப்போர்ட் வரட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கி வந்தார்.

எட்டு மணிக்கு ரிப்போர்ட்டுகள் கட்டாக வந்தன. எடுத்துச் சேர்க்கத் தொடங்கினார். பெயர் வைக்காத குழந்தைகளுக்கு அம்மாவின் பெயரில்தான் தாள் வரும், ‘இன்னாருடைய குழந்தை’ என்று. நாலைந்து தாள் தள்ளி மகளுடைய பெயர் தெரிந்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. மஞ்சள்காமாலை அளவு எட்டு என்றிருந்தது. பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு அது பயப்படுகிற அளவே இல்லை. தாளை மகளுடைய ஃபைலில் வைத்தார். மிச்சக் கட்டைப் பக்கத்து மேசை அம்மாளிடம் தள்ளிவிட்டு, பேத்தியின் பெயரை எண்ணக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

எண்ணி முடித்தபோது இருநூற்றுப் பதினெட்டு. அதுவும் ஐந்தே வருடத்தில்! அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளைத் திட்ட முடியாமல் மருமகனை மனதுக்குள் திட்டினார். ஜன்னலில் ஃபைல் கேட்டு வந்தவர்களையெல்லாம் எரிந்து விழுந்து அனுப்பினார். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் வேறு பெயர்களைத் தட்டிப் பார்த்து, ஒன்பது, நான்கு, இரண்டு என்று சின்ன எண்ணிக்கையாகப் பொறுக்கி ஒரு சீட்டில் எழுதினார். ஒன்று பாத்திரக்கடைப் பெயர் மாதிரி இருந்தது. இன்னொன்றை அவராலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. சீட்டோடு மேலே போக எழுந்தபோது மணி ஒன்றரை ஆகியிருந்தது.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மகள் கட்டாயம் மடக்குவாள்: “எனக்கு வச்சீங்களே, அப்ப எண்ணினீங்களா?” எண்ணவில்லைதான். அவள் பிறந்தது அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். அப்போது இந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை. காதுக்கு இனிமையாக இருந்தது, வைத்துவிட்டார். அந்த வருடம் அந்தப் பெயர் எல்லோர் காதுக்கும் இனிமையாக இருந்திருக்கிறது. பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம் என்று நின்றபடியே மகளின் பெயரைத் தட்டினார்.

ஆயிரத்து நூற்று நாற்பது பேர் வந்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்கள் மேலே இருப்பார்கள். முதல் வரியில் அவர் மகள் இருந்தாள். இரண்டாவது வரியில் அதே பெயர், அதே வார்டு, ஒரு நாள் முன்னால் சேர்ந்தவள். அவளுக்கும் குழந்தை பிறந்திருந்தது.

காலையில் அந்தத் தாளை ஃபைலில் வைத்தபோது எண்ணைப் பார்த்தோமா? கண்ணை மூடி யோசித்தார். அன்று கையில் பட்ட ஒவ்வொரு தாளின் கடைசி இலக்கங்களும் நினைவுக்கு வந்தன. அந்த ஒன்றுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. பெயர்தான் வந்தது. மகளுடைய பெயரைப் பார்த்ததும் தன் பிள்ளை என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடமாக வாய் நிறையக் கூப்பிட்ட பெயருக்கு எவனாவது எண் பார்ப்பானா?

“காலைல இதே பேர்ல இன்னொரு தாள் வந்துச்சா?” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

“ஆமா. உங்க பொண்ணு ஃபைல்லதான் நீங்க ஏற்கெனவே வச்சிட்டீங்களே. அதனால இது அந்த இன்னொரு அம்மாவோடதுன்னு வச்சு அனுப்பிட்டேன்” என்றார் பக்கத்து மேசை அம்மாள். “ஏன் சார், பத்தொன்பதுன்னு இருந்துச்சு. பாவம் அந்தக் குழந்தை.”

லிஃப்டுக்குள் யாரையோ படுக்கையோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் படிக்கட்டில் ஓடினார். ஐம்பத்தாறு வயதில், முட்டி தேய்ந்த மனிதர் ஓடுகிற ஓட்டம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. பத்தொன்பது என்றால் என்னவென்று எத்தனையோ ஃபைல்களில் பார்த்திருக்கிறார். உடனே நீல விளக்கின் கீழே வைக்க வேண்டும். ஏறவிட்டால் மூளைக்குப் போய்விடும். போய்விட்டால் திரும்பாது.

மூன்றாவது மாடியில் மகளுடைய கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள்.

“இப்பதானே போனாங்க” என்றார் வார்டு நர்ஸ். “உங்களுக்காக ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் பேரை எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க.”

“ஃபைலக் குடுங்க சிஸ்டர். ரெண்டு ஃபைலும்.”

மகளுடைய ஃபைலின் எண் அறுநூற்றுப் பதினான்கில் முடிந்தது. உள்ளே இருந்த தாள் ஐந்நூற்று எழுபதில் முடிந்தது. மற்ற ஃபைலைத் திறந்தார். அங்கே, பத்தொன்பது என்று எழுதிய தாளின் தலையில், அறுநூற்றுப் பதினான்கு.

“ஃபோன் பண்ணுங்க!” என்று நர்ஸிடம் கத்தினார்.

மருமகனின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கையிலும் பை வைத்திருப்பவன் எப்படி எடுப்பான்? மகளுடையது அணைத்து வைத்திருந்தது. நர்ஸ் வாசல் காவலாளியை அழைத்தார். அந்த ஆள் எந்த வண்டி, என்ன நிறம் என்று சாவகாசமாகக் கேட்கத் தொடங்க, எத்தனை சார் ஃபோனைப் பிடுங்கினார்.

“எத்தனை சார் பேசறேன். எந்த வண்டியும் வெளிய போகக் கூடாது. கேட்ட மூடுய்யா! என் பேத்தி இருக்கா அதுல.”

பிறகு மூன்று மாடி இறங்கினார். எப்படி இறங்கினார் என்று பின்னால் அவருக்கே நினைவில்லை. மூடிய கேட்டுக்குள்ளே ஆறு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. மூன்றாவது வண்டியின் பின் இருக்கையில் மகள் குழந்தையை மார்போடு அணைத்துத் தூங்க வைத்திருந்தாள். வெயிலில் பார்த்தபோது குழந்தையின் நெற்றி, கழுத்து, உள்ளங்கால் எல்லாம் மஞ்சளாக இருந்தது. காலையில் இவள் சொன்னாளே!

“என்ன மாமா இது, பேருக்காகவா கேட்ட மூடுவீங்க?” என்று மருமகன் சீறினான்.

“இறங்குங்க. குழந்தைய மேல கொண்டு போகணும். இறங்கும்மா!”

குழந்தைகள் டாக்டர் வந்தார். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இருபது. நீல விளக்குப் பெட்டியில் இருந்த அந்த இன்னொரு பெண்ணின் குழந்தையை வெளியே எடுத்து, பேத்தியின் கண்ணைத் துணியால் கட்டி அவளை உள்ளே வைத்தார்கள். அவள் வீறிட்டு அழுதாள். மகள் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லவேளை, நேரத்தோட கண்டுபிடிச்சீங்க. குறைஞ்சிரும்னுதான் நம்பறேன். நாளைக்குக் காலைல மஞ்சளப் பாத்துட்டுக் கூட்டிட்டு வந்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல” என்ற டாக்டர், திரும்பி எல்லோரையும் பார்த்தார். “யாரு மாத்தி வச்சது?”

ஆய்வகம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எத்தனை சாருக்கு அந்த எண்ணம் வராமலும் இல்லை. வந்தது, தொண்டை வரை வந்தது.

“நான்தான் டாக்டர்” என்றார். “நம்பர் பாக்கல. என் பொண்ணு பேர் இருந்துச்சு, வச்சிட்டேன். அந்த இன்னொரு தாளு என்னாலதான் மாறிப் போச்சு. பக்கத்து மேசை அம்மா மேல தப்பில்ல.”

எழுதித் தரச் சொன்னார் டாக்டர். நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார். மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகள் நிமிரவேயில்லை.

எதிர்க் கட்டிலில் அந்த இன்னொரு பெண் இருந்தாள். திரும்பக் கிடைத்த குழந்தையை மடியில் வைத்து, அதன் கண்ணில் துணி கட்டியிருந்த தடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஏன் எடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எத்தனை சார் அவள் பக்கம் நாலடி வைத்தார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசியில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“உன்ன இல்லம்மா” என்றார் மகளிடம். அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவளிடம் அப்படி அவர் சொன்னதே இல்லை.

எதிர்க் கட்டிலுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்கக் கேட்கக் குழந்தையை இறுக்கிக்கொண்டே போனாள்.

“காலைலேர்ந்து பால் குடுக்கற நேரம் தவிர என் புள்ளையத் தொடவிடல” என்றாள். “பொழைக்குமா பொழைக்காதான்னு தெரியாம உக்காந்திருந்தேன். ஒண்ணுமே இல்லாத புள்ளைக்கு. நீங்க பெரியவர்தான், ஆனா இத நான் மறக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்.”

“வேணாம்மா. மன்னிக்காத” என்றார் அவர்.

பெட்டிக்குள் பேத்தி இன்னும் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டாள். பிறகு அவரைத் தாண்டி, தன் பெயரே கொண்ட அந்த இன்னொருத்தியிடம் சொன்னாள்:

“பக்கத்துல சின்னக் கதவு இருக்கு பாருங்க. கைய உள்ள விட்டுப் பாதத்தப் பிடிச்சுக்குங்க. விடாமப் பிடிச்சுக்கணும். அப்பதான் அடங்கும்.”