லண்டனில் எத்தனை நாள் பனி விழும்?

அக்காவால் லண்டன் பனியைத் தாங்க ஏலாது என்று சொல்ல வந்த அந்த அம்மா, நாங்கள் எடுத்துப் போட்ட கதிரையில் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னா. "இப்பதான் குடிச்சனான்" என்று தேத்தண்ணியையும் வேண்டாம் என்றா. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவா இப்பதான் குடித்திருப்பா.

அவாவின் மகனும் என் அக்காவும் ஒன்றாகப் படித்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வன்னியில், முரசுமோட்டையில் குடியேறிய அவர்களுக்கு வயல் இருந்தது. இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்த வயலில் வேலை இருந்தது. லண்டனுக்குப் புறப்படுமுன் அவன் வாய்க்கால் வரம்பில் வைத்து அக்காவிடம், "ரெண்டு வருஷத்தில உன்னைக் கூப்பிடுவன்" என்றான். இரண்டு வீட்டுக்கும் அது தெரியும். முதல் வருஷம் கடிதங்கள் வந்தன. பிறகு நின்றுபோயின. அதற்குப் பிறகுதான் தாய் வந்தா.

"அங்க வருஷத்தில பாதி நாள் ஸ்னோ கொட்டுதாம். கதவு திறக்க ஏலாதாம். உன்ர மகள் மெலிஞ்ச பிள்ளை, தாங்கமாட்டாள். பிறகு பழி எங்கட தலையிலதான் விழும்" என்று அப்பாவிடம் சொன்னா. அப்பா அவாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரை நீ என்றுதான் கூப்பிடுவா.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பனி எங்களுக்குப் புதுசுங்களா? மூத்தவள நா பெத்ததே பனிக்குள்ளதான். விடிய எந்திரிச்சா தேயிலையெல்லாம் வெள்ளையா உறைஞ்சி கெடக்கும். ஒரு கம்பளிய சுத்தித்தான் இவள வளத்தோம்."

"அது வேறை பனி, இது வேறை" என்றுவிட்டு அவா படலையைத் திறந்துகொண்டு போனா.

எனக்கு முதலில் கோபம் வந்தது அக்காவில்தான். அவள் அதை நம்பினாள். மார்கழியில், விடியுமுன் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றத் தொடங்கினாள். பழகினால் தாங்கலாமாம். பொருளாதாரத் தடையால் குளிக்கிற சவர்க்காரம்கூடக் கிடைக்காத தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பற்கள் அடித்துக்கொள்ள ஈரத்தோடு நின்று, "பார், எனக்கொண்டும் செய்யேல்ல" என்பாள். வாளியைப் பறித்துக் கிணற்றுக்குள் எறியவேண்டும் போலிருக்கும்.

நான் அப்போது உயர்தர வகுப்பில் புவியியல் படித்தேன். மாசி மாதம் ஒரு நாள் பாடம் முடிந்ததும் கேட்டேன்: "சேர், லண்டனில வருஷத்தில எத்தினை நாள் ஸ்னோ விழும்?"

"அங்க குளிர்காலம் அவ்வளவு கடுமையில்லை" என்றார் மாஸ்டர். "சுத்திவரக் கடல், சூடான நீரோட்டம். சில வருஷம் ஒரு சில நாள் விழும், விழுந்ததும் கரைஞ்சிடும். சில வருஷம் விழுந்தது மாதிரியே இராது. ஏன் கேக்கிறீர், ஆரும் அங்க போகினமோ?"

"இல்லை சேர். ஒருத்தரும் போகேல்ல."

பள்ளிக்கூட உடுப்போடேயே சைக்கிளை அந்த அம்மாவின் வீட்டுக்கு விட்டேன். அவா முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தா. மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். "ஏன் பொய் சொன்னனீங்கள்?"

அவா கோபப்படவில்லை. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே சொன்னா: "ஸ்னோ இல்லையெண்டால் வேறை ஒண்டைச் சொல்லியிருப்பன் பிள்ளை. உங்கட ஆக்களில பொம்பிளை எடுக்கேலாது எண்டு உன்ர அப்பற்றை முகத்துக்கு நேர சொல்லச் சொல்லுறியோ? மரியாதைக்குத்தான் அப்பிடிச் சொன்னனான்."

மரியாதை! நான் சைக்கிளை வீட்டுக்குத் திருப்பினேன்.

அக்கா குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு நெருப்பையே பார்த்தாள்.

"தாய் ஆரும் சொன்னதைக் கேட்டுச் சொல்லலாம். அவன் அங்கதானே இருக்கிறான்? அவனுக்குத் தெரியும்தானே? ஏன் ஒரு வரி எழுதேல்ல?"

அதுவரை அவர் என்று சொல்லிவந்தவள் அன்றைக்குத்தான் அவன் என்றாள். அழவில்லை. அடுத்த நாள் விடியக் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த போகத்தில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் அவாவே படலைக்கு வந்தா. "பிள்ளையள், ஒருக்கா வாங்கோவன். புல்லு பயிரை மூடப்போகுது."

"நாங்கள் வரமாட்டம். வேறை ஆக்களைப் பாருங்கோ" என்றாள் அக்கா, முற்றம் கூட்டுவதை நிறுத்தாமல்.

அவா போகத் திரும்பினா. பிறகு, யாரும் கேட்காமலே, "மகனுக்கு யாழ்ப்பாணத்தில ஒரு கலியாணம் சரிவந்திட்டுது" என்றா.

"நல்லம்" என்றுவிட்டு அக்கா குப்பையை அள்ளினாள்.

ஆனால் அப்பா போனார். "நானும் போகலன்னா அரிசிக்கு எங்க போறது?" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வயலுக்கே போனார். அவரை நீ நீ என்று வரம்பில் நின்று அவா ஏவுவது எங்கள் வேலிவரை கேட்டது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டே அரிசி கழுவினாள். அதுவும் அந்த வயல் நெல்தான். மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பின்னேரம் பசித்தது, சாப்பிட்டேன். கோபம் மட்டும் குறையவில்லை.